கியோட்டோ: பேரரசர்களின் தோட்டங்களில்

செவ்வாய்: கோஷோ

இமாதேகவா ஸ்டேஷனில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் கியோட்டோ கியோயென் என்ற பெரிய பூங்கா வருகிறது. வடக்கு தெற்காக 1.3 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 700 மீட்டர். அதன் உள்ளே, மதில் சூழ இருப்பது கோஷோ, பேரரசர்களின் பழைய அரண்மனை. 1869இல் மெய்ஜி பேரரசர் டோக்கியோவுக்குப் போகும்வரை இதுதான் அவர்கள் வீடு. இன்று புல்லும் பைன் மரமுமாக இருக்கும் பூங்கா முழுக்க அப்போது பிரபுக்களின் வீடுகள் இருந்தன. கிட்டத்தட்ட 200 வீடுகள். பேரரசர் கிளம்பியதும் அவர்களும் பின்னாலேயே போய்விட, காலி வீடுகளை இடித்துத்தான் இந்தப் பூங்காவை உருவாக்கினார்கள்.

இந்த வாரம் அரச இல்லங்களையும் அவற்றின் தோட்டங்களையும் மட்டும் பார்ப்பது என்று அக்காவும் நானும் பேசி வைத்திருந்தோம். அக்கா பல வருடமாக ஒசாகாவில் இருக்கிறாள். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும். வழிகாட்டிகள் சொல்வதை உடனுக்குடன் எனக்குச் சொல்வது அவள் பொறுப்பு. கோஷோவுக்கு முன்பதிவு தேவையில்லை. 2016இலிருந்து வருடம் முழுக்க, திங்கள் தவிர, பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். கட்டணமும் கிடையாது. வாசலில் பையைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

என்னை முதலில் நிறுத்தியது மதில்தான். ஒரு நாட்டின் பேரரசர் இருந்த இடத்துக்கு அகழி இல்லை, காவல் கோபுரம் இல்லை. ஓடு வேய்ந்த மண் சுவர், அதன் மேல் ஐந்து வெள்ளைக் கோடுகள், அடியில் தாண்டிவிடக்கூடிய ஒரு சின்ன வாய்க்கால். ஐந்து கோடு என்பது மிக உயர்ந்த தகுதிக்கு அடையாளம். பாதுகாப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். வடகிழக்கு மூலையில் மட்டும் சுவர் மூலையாகச் சேராமல் உள்பக்கமாக மடிந்து போகிறது. அந்தத் திசையிலிருந்து தீயவை வரும் என்பது நம்பிக்கை. அதனால் அந்த மூலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். அங்கே கூரையின் அடியில் மரக் குரங்கு ஒன்று, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. ராத்திரியில் இறங்கிப் போய்க் குறும்பு செய்ததாம், அதனால்தான் வலையாம்.

நடுவில் ஷிஷின்தென், அரச விழாக்கள் நடந்த மண்டபம். முன்னால் வெண்சரளை பரப்பிய பெரிய முற்றம். கிழக்கே ஒரு செர்ரி மரம், மேற்கே ஒரு தாச்சிபானா ஆரஞ்சு மரம். வேறு எதுவும் இல்லை. தைஷோ பேரரசர் 1915இலும் ஷோவா பேரரசர் 1928இலும் முடிசூடியது இங்கேதான். தகாமிகுரா என்னும் அரியணை இன்னமும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. 1990இலும் 2019இலும் டோக்கியோவில் விழா நடந்தபோது அதைப் பிரித்துக் கொண்டுபோய், மறுபடி இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த அரண்மனை எத்தனையோ முறை எரிந்திருக்கிறது. 1788இல் எரிந்ததை 1790இல், ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஹெய்யான் காலத்து அமைப்பை ஆராய்ந்து கட்டினார்கள். அது 1854இல் எரிந்தது. அடுத்த வருடமே அதே அமைப்பில் மறுபடியும் எழுப்பினார்கள். நாம் இன்று பார்ப்பது அந்த 1855ஆம் வருடத்துக் கட்டடம். அத்தோடும் முடியவில்லை. 1954இல் காமோ ஆற்றங்கரை வாணவேடிக்கையிலிருந்து ஒரு பொறி பறந்து வந்து கோகோஷோ என்ற மண்டபம் முழுக்க எரிந்து போனது. 1868 ஜனவரியில், ஷோகுன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சியை முடித்துவைத்த ஒரு காரசாரமான இரவுக் கூட்டம் நடந்த மண்டபம் அது. 1958இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

எரிவதற்குக் காரணம் தலைக்கு மேலேயே இருக்கிறது: கூரை. ஹினோக்கி மரத்தின் பட்டையை அடுக்கடுக்காக வைத்து மூங்கில் ஆணியால் அடிக்கிறார்கள். இறவாரத்தின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அடுக்கின் கனம் தெரிகிறது. ஒரு முழம் இருக்கும், வெட்டிய ஓரம் அவ்வளவு சீராக இருக்கிறது. பட்டைக்காக மரத்தை வெட்டுவதில்லை. எழுபது வயது தாண்டிய மரத்தில் ஏறி, உள்தோல் காயப்படாமல் வெளிப்பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். எட்டுப் பத்து வருடத்தில் அதே மரத்தில் மறுபடி பட்டை வளர்ந்துவிடும். கூரை வேய்பவர் மூங்கில் ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி அடிப்பார். ஒரு கூரை முப்பது வருடம் போலத் தாங்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து வேய வேண்டும். இந்த வேலையும் சேர்த்து ஜப்பானின் மரக் கட்டடக் கலைத் திறன்களை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எரிவதும் மக்குவதும் திரும்பக் கட்டுவதும் தொடர்ந்ததால்தான் கை வேலை அழியாமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஓய்க்கெநிவா என்ற குளத்துத் தோட்டம் அழகுதான். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் தோட்டமாகவே இருக்கிறது. உள்ளே நடக்க விடுவதில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தோம்.

புதன்: சென்டோ

அதே பூங்காவில், கோஷோவுக்குத் தென்கிழக்கே இன்னொரு மதில். பதவி விலகிய பேரரசர்களின் அரண்மனையான சென்டோ கோஷோ. இதற்கு முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். குழுவாகத்தான் அழைத்துப் போகிறார்கள். முன்னால் வழிகாட்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு காவலர்.

இதைக் கட்டியது கோ-மிசுனோ பேரரசருக்காக. இந்த வாரம் முழுக்க இவர் நம்மோடு வரப்போகிறார், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1611இல் பட்டத்துக்கு வந்தவர். 1615இல் தோகுகவா ஷோகுன் அரசு அரண்மனைக்கென்று ஒரு சட்டம் போட்டது. பேரரசர் கல்வியிலும் கலைகளிலும் மனதைச் செலுத்த வேண்டும் என்பதுதான் முதல் விதி. அரசாட்சியில் தலையிடாதே என்பதைத்தான் அப்படி மரியாதையாக எழுதினார்கள். ஷோகுனின் மகள் மசாகோவை மணமுடித்து வைத்தார்கள். துறவிகளுக்கு ஊதா அங்கி வழங்கும் உரிமை பேரரசருடையது. அவர் வழங்கியதை ஷோகுன் அரசு செல்லாது என்றது. எதிர்த்துப் பேசிய துறவிகளை 1629இல் தொலைதூர மாகாணங்களுக்குத் துரத்தியது. அதே வருடம், ஷோகுனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கோ-மிசுனோ பதவியை விட்டு இறங்கினார். ஆறு வயதுகூட நிறையாத மகள் மெய்ஷோ பட்டத்துக்கு வந்தாள். எட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு ஜப்பானுக்குக் கிடைத்த முதல் பேரரசி அவள்தான். விலகும்போது அப்பாவுக்கு வயது 33. அதற்கப்புறம் ஐம்பது வருடம் வாழ்ந்தார்.

1630இல் முடிந்த சென்டோ அரண்மனையின் கட்டடங்கள் 1854 தீயில் போயின. யாரும் திரும்பக் கட்டவில்லை. தோட்டம் மட்டும் இருக்கிறது. வடக்கே ஒரு குளம், தெற்கே ஒரு குளம், நடுவே இரண்டையும் சேர்க்கும் கால்வாய். கால்வாயை ஒட்டிய மேட்டில் மேப்பிள் மரங்கள் பாதி சிவந்திருந்தன.

தெற்குக் குளத்தின் கரைதான் நான் பார்க்க வந்தது. கடற்கரை போல வளைந்து இறங்கும் அந்தச் சரிவு முழுக்கக் கற்கள். சுமார் 1,11,000 கற்கள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் அதிரசம் அளவில், தட்டையாக, ஓரம் மழுங்கி, ஒரே மாதிரி. ஒடவாரா கடற்கரையில் பொறுக்கியவை. ஒரு கல்லுக்கு ஒரு ஷோ அரிசி, அதாவது நம் கணக்கில் 1.8 லிட்டர், கூலியாகக் கொடுத்ததாகச் சொல்லி வருகிறார்கள். குனிந்து பார்த்தேன். கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நீருக்குள் இறங்கிப் போகின்றன. எந்த இடத்தில் கரை முடிந்து குளம் தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அரிசிக் கணக்கைக் கேட்டதும் அக்கா சொன்னாள்: “அவ்வளவு அரிசியும் யாரோ உழுது விளைவிச்சதுதானேடா.” அவள் சொன்னது சரி. இந்த அழகுக்கு விலை கொடுத்த உழவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

தெற்குக் குளத்தைத் தாண்டும் பாலத்தின் மேல் விஸ்டீரியாக் கொடி படர்ந்திருக்கிறது. மே மாதத்தில் பூக்குமாம். இப்போது இலை உதிர்ந்து நிற்கிறது.

வியாழன்: கட்சுரா

காலையிலிருந்து மழை. ஹான்க்யூ ரயிலில் கட்சுரா ஸ்டேஷன் வந்து, இருபது நிமிடம் நடந்து, ஆற்றங்கரைக்குப் போனோம். இங்கே கட்டணம் 1,000 யென். சில மாதங்களுக்கு முன்பே இணையத்தில் இடம் பிடித்துவிட வேண்டும். அன்றன்றைக்கு நேரில் போனாலும் கொஞ்சம் டிக்கெட் கொடுக்கிறார்கள், ஆனால் நம்பிப் போக முடியாது.

வேலியிலிருந்தே தொடங்குகிறது கட்சுரா. ஆற்றுப் பக்கம் உள்ள வேலி உயிரோடு நிற்கும் மூங்கில். வளர்ந்த மூங்கிலை அப்படியே வளைத்து, சாய்த்து, பின்னிக் கட்டியிருக்கிறார்கள். வெட்டவே இல்லை. வெளியே நின்று பார்த்தால் பசுஞ்சுவர், உள்ளே போனால் மூங்கில் தோப்பு. ஆறு பெருகி வந்தால் தண்ணீரை விட்டுவிட்டு, அது அடித்துவரும் குப்பையையும் சேற்றையும் தோப்பு தடுத்து வைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தைத் தொடங்கியவர் இளவரசர் ஹச்சிஜோ தோஷிஹிதோ. கோ-மிசுனோவுக்குச் சித்தப்பா. சின்ன வயதில் இவரை அன்றைய சர்வாதிகாரி தோயோதோமி ஹிதெயோஷி தத்து எடுத்தார். 1589இல் ஹிதெயோஷிக்குச் சொந்த மகன் பிறந்ததும் தத்து முறிந்தது. பரிகாரமாக ஹச்சிஜோ என்ற தனி அரச குடும்பத்தை உண்டாக்கிக் கொடுத்தார்கள். 1598இல் அண்ணன் கோ-யோசெய் பேரரசர் பதவியை இவருக்கு விட்டுக்கொடுக்க நினைத்தார். பிற்பாடு முதல் தோகுகவா ஷோகுன் ஆன இயெயாசு ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை அதிகாரம் வாசல்வரை வந்து திரும்பிப் போன மனிதர். அவர் மனம் கவிதையில் இருந்தது. பழைய கவிதை மரபின் ரகசிய விளக்கங்களை முழுதாக அறிந்திருந்த ஹொசொகவா யூசாய் என்ற போர்வீரக் கவிஞர் 1600இல் கோட்டை முற்றுகையில் சிக்கிக்கொண்டார். அவர் செத்தால் அந்த அறிவும் சாகும். முற்றுகைக்கு நடுவிலேயே அவர் அந்த விளக்கங்களைத் தோஷிஹிதோவுக்கு அனுப்பி ஒப்படைத்தார். கடைசியில் பேரரசரே தலையிட்டு முற்றுகையை நிறுத்தினார். அந்தத் தோஷிஹிதோதான் 1615 வாக்கில் கட்சுரா ஆற்றங்கரையில், முலாம்பழத் தோட்டங்களுக்கு நடுவே, எளிய தேநீர்க் குடில் என்று அவரே குறிப்பிட்ட ஒன்றைக் கட்டத் தொடங்கினார். மகன் தோஷிதாதா அதை விரிவாக்கி முடித்தார்.

குழுவோடு உள்ளே போனோம். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன நாக்கு மாதிரி நிலம் குளத்துக்குள் நீளுகிறது. இரு பக்கமும் உயரமாக வெட்டிய செடிவேலி. அதன் முனையில் குட்டையான ஒரு பைன் மரம். அதை அங்கே நட்டதே குளத்தை மறைக்கத்தான். வழிகாட்டி அதை விளக்கிவிட்டு, வேறு திசையில் அழைத்துப் போனார். குளம் அங்கேதான் இருக்கிறது, தண்ணீர் மின்னுவது கிளைகளுக்கு நடுவே தெரிகிறது, ஆனால் இன்னும் காட்டமாட்டார்கள். பத்து நிமிடம் நடந்து, வெளிக் காத்திருப்புக் குடிலைத் தாண்டி, சத்சுமா நாட்டு ஷிமாசு குடும்பம் கொடுத்த சைகஸ் செடிகள் நிற்கும் மேட்டைக் கடந்து, ஒரு திருப்பத்தில்தான் குளம் முழுதாக வந்து நின்றது. என் மூச்சு ஒரு கணம் நின்றது உண்மை. முன்னால் கருங்கற்கள் பாவிய மணல்திட்டு போன்ற கரை, அதன் முனையில் முழங்கால் உயரக் கல் விளக்கு ஒன்று, அதற்கு அப்பால் குளத்துக்குள் பாலம் போட்ட குட்டித் திட்டுகள். அமானோஹஷிதாத்தே என்ற பேர்பெற்ற கடற்கரையை நினைவுபடுத்த அமைத்தது. எதிர்க்கரையில் ஷோகின்தேய் என்னும் தேநீர்க் குடில்.

அதன்பிறகு நடந்தது முழுக்க இந்த விளையாட்டுத்தான். கட்சுராவில் நடைக்கற்கள்தான் உங்கள் பார்வையை நடத்துகின்றன. கற்கள் இடைவெளிவிட்டு, உயரம் மாறி, ஈரத்தில் வழுக்கும்படி இருக்கும் இடத்தில் நீங்கள் குனிந்து காலைத்தான் பார்ப்பீர்கள். திடீரென்று அகலமான ஒரு கல் வரும். நிமிர்ந்து நிற்கத் தோன்றும். நிமிர்ந்தால் அங்கே ஒரு காட்சி காத்திருக்கும். முதலில் எனக்கு இது புரியவில்லை. அக்காதான், “கல் பெருசா வர்ற இடத்துல நில்லுடா, சுத்திப் பாரு” என்றாள். அப்புறம் ஒவ்வொரு பெரிய கல்லிலும் நின்றேன். ஒன்றில்கூட ஏமாற்றம் இல்லை. 

மழையில் கற்களின் நிறம் எழுந்து வந்திருந்தது: நீலச் சாம்பல், பழுப்புச் சிவப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு. ஒரு பாதை பிரியும் இடத்தில், கறுப்புக் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய சின்னக் கல் ஒன்று நடைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. இந்த வழி போகாதே என்பதற்கு அடையாளம். பலகை இல்லை, சங்கிலி இல்லை. கையளவு கல் அது. ஒருவரும் அதைத் தாண்டவில்லை.

ஷோகின்தேயின் உள்ளே நீலமும் வெள்ளையும் மாறிமாறி வரும் பெரிய கட்டங்கள் ஒட்டிய சுவரும் கதவும். நானூறு வருடத்துக்கு முந்தைய யோசனை என்று நம்ப முடியாது. அரையிருட்டில், மண் சுவருக்கும் வைக்கோல் கூரைக்கும் நடுவில் அந்த நீலம் துணிச்சலாக இருக்கிறது. குளத்தைப் பார்த்த திண்ணை ஓரத்தில் அடுப்பு. குளிர்காலத்தில் விருந்தாளிக்கு உணவைச் சூடாகக் கொடுக்க, சமையலையே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஷோய்கென் என்ற குடிலின் பின்பக்கத்துச் சாளரம் வயலைப் பார்க்கிறது. பிரபுக்கள் தேநீர் அருந்தியபடியே உழவு வேலையைப் பார்த்தார்கள். நேற்று அக்கா சொன்னது இங்கே மறுபடி மனதில் வந்தது. ஆனால் இங்கே அவர்கள் உழவை மதிலுக்கு வெளியே தள்ளவில்லை, பார்வைக்குள் இழுத்து வைத்திருக்கிறார்கள். அது மரியாதையா, வேடிக்கையா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிரதான வீடு மூன்று பகுதியாக, ஒன்றுக்குப் பின் ஒன்று தள்ளித் தள்ளி அமைந்திருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து தரையை உயர்த்தி, தூண்கள் மேல் நிற்க வைத்திருக்கிறார்கள். உள்ளே போக அனுமதி இல்லை. பழைய பகுதியின் முன்னால் மூங்கில் கழிகள் பரப்பிய ஒரு மேடை குளத்தை நோக்கி நீண்டிருக்கிறது. நிலா பார்ப்பதற்கென்றே போட்ட மேடை. கட்சுரா பழங்காலத்திலிருந்தே நிலவுக்குப் பேர்போன ஊர். கீழ்த்திசையில் எழும் நிலா மரங்களுக்கு மேலே வந்து, குளத்திலும் விழும்படி கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நாட்டை ஆளும் உரிமை கிடைக்காத இவர்கள், நிலவு எங்கே எழ வேண்டும், விருந்தாளி எந்த நொடியில் தலை நிமிர வேண்டும் என்பதை ஆண்டிருக்கிறார்கள். மேடையின் முன்னால் நின்றபோது எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு வந்தது.

வெளியே வரும் வழியில் வாசல் படிக்கட்டுக்கு முன்னால் ஒரு நீளக் கல். ஆறு பேர் செருப்பு கழற்றி வைக்கலாம் என்பதால் அதற்கு அப்படியே பேர். 

1933 மே மாதம் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் ஜப்பானில் இறங்கிய மறுநாளே இங்கேதான் வந்தார். அவர் எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். ஆனால் வீடு தாக்குப்பிடித்து நிற்பதற்கு நன்றி சொல்ல வேண்டியது தச்சர்களுக்கு. 1976 முதல் 1982 வரை பிரதான வீட்டைப் பிரித்து, பழுது பார்த்து, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஊமெபோஷி ஊறுகாய் வைத்த ஒனிகிரி சோற்றுருண்டையும் சூடான தேநீரும். சாக்ஸ் நனைந்துவிட்டது. சீக்கிரம் தூங்கப் போகிறோம்.

வெள்ளி: ஷுகாகுயின்

வெயில்! தெமாச்சியானகியிலிருந்து எய்சான் ரயில். சின்ன ரயில், வடகிழக்கே மலையடிவாரத்துக்குப் போகிறது. இறங்கி, ஏற்றத்தில் இருபது நிமிட நடை.

சித்தப்பா குடும்பத்தின் கட்சுராவை கோ-மிசுனோ 1658இல் போய்ப் பார்த்திருக்கிறார். அந்த வருடங்களில்தான் அவர் தன் சொந்தத் தோட்டமான ஷுகாகுயினை உருவாக்கிக்கொண்டிருந்தார்: 1655 தொடங்கி 1659 வரை. கட்சுரா ஒரு வேலிக்குள் அடங்கிய உலகம். இது மலைச்சரிவு முழுக்க விரிந்தது. மொத்தம் 54 ஹெக்டேர். கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று தனித்தனித் தோட்ட இல்லங்கள். நடுவே இருப்பது வயல். நிஜமான வயல். அறுவடை முடிந்து தாள் நின்றுகொண்டிருந்தது. ஒரு பாத்தியில் முள்ளங்கி. ஒரு பெரியவர் குனிந்து ஏதோ பிடுங்கிக்கொண்டிருந்தார், எங்கள் குழுவை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. 1964இல் இந்த வயல்களை அரச இல்ல அலுவலகம் வாங்கியது. உள்ளூர் உழவர்களே ஒப்பந்தத்தில் பயிர் செய்கிறார்கள். வயல் போனால் தோட்டம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கட்சுராவில் எனக்கு எழுந்த கேள்விக்கு இங்கே பாதி பதில் கிடைத்தது.

நடு இல்லம் அவருடைய மகள் அகெ இளவரசிக்காகக் கட்டியது. அங்கே உள்ள அடுக்குப் பலகைகள் பேர்பெற்றவை. ஜெல்கோவா மரப் பலகைகளை உயரம் மாற்றி, நகர்த்தி நகர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். மூடுபனி படிந்து மிதப்பதாகத் தோன்றும். மரக் கதவில் கெண்டை மீன்கள், அவற்றின்மேல் வலை. மீன் ராத்திரியில் குளத்துக்குப் போய்விடுகிறது என்று பிற்பாடு வலையை வரைந்தார்களாம். வலையில் ஓரிடத்தில் கிழிசல்கூட வரைந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை குரங்கு, இன்றைக்கு மீன். இந்த ஊர் தச்சரும் ஓவியரும் தங்கள் கைவேலை எழுந்து நடமாடும் என்று நம்ப விரும்பியிருக்கிறார்கள்.

மேல் இல்லத்துக்குப் போகும் வழி இரு பக்கமும் பைன் வரிசை. வாசல் தாண்டியதும் படிகள். படிகளின் இரு பக்கமும் தலைக்கு மேலே வெட்டிய செடிவேலி. பக்கத்தில் எதுவும் தெரியாது. படி, செடி, மேலே கொஞ்சம் வானம். மூச்சிரைக்க ஏறுகிறோம். கடைசிப் படியில் ரின்உன்தேய் என்ற சின்னக் குடில். வழிகாட்டி பேசுவதை நிறுத்திவிட்டு, திரும்பிப் பாருங்கள் என்று கையைக் காட்டினார்.

காலடியில் ஒரு ஏரி. சிவப்பும் மஞ்சளுமான தீவுகள். அதற்கு அப்பால் ஏரி திடீரென்று முடிந்து, எல்லையே இல்லாமல் கியோட்டோ நகரமும் மேற்கு மலைகளும். அடுக்கடுக்காக நீல மலைகள். “ஐயோ” என்று மட்டும் அக்கா சொன்னாள். நான் அதையும் சொல்லவில்லை. குடிலில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஓவியம் இல்லை, தங்கம் இல்லை. வெளியே நீட்டிய பலகைத் திண்ணை, அவ்வளவுதான். இவ்வளவையும் வெளியே வைத்திருக்கும்போது உள்ளே எதற்கு என்று கட்டியவர் நினைத்திருக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 149 மீட்டர் உயரம்.

ஏரிக்கு யொகுரியூசி என்று பேர். இயற்கை ஏரி கிடையாது. மலை ஓடைத் தண்ணீரை மண் அணை போட்டுத் தேக்கியது. அணையின் நீளம் சுமார் 200 மீட்டர். கீழே வயலிலிருந்து பார்த்தபோது அணையே கண்ணில் படவில்லை. படிப்படியான கற்சுவர்களை மூடி, பலவகை மரம் செடிகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒரே பச்சைச் சரிவாக வெட்டி விட்டிருக்கிறார்கள். நான் அதை ஒரு குன்று என்றே எண்ணியிருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு கையகலத்துக்குள் வேறு வேறு இலைகள்: தடித்தது, ஊசி முனையுள்ளது, சிவந்தது, பூ விட்டது. இதை வெட்டிப் பராமரிக்கும் தோட்டக்காரர்கள்தான் என் கணக்கில் இந்த அரண்மனையின் பெரிய கலைஞர்கள்.

ஏரியின் நடுவே சிதோசே என்ற கூரை வைத்த கற்பாலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்த்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை அடக்கமான இடத்தில் அது மட்டும் தன்னைப் பார் என்று நிற்கிறது. அக்காவுக்குப் பிடித்திருந்தது, திரும்பும் வழி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

கோ-மிசுனோ இங்கே தங்குவதற்கு வரவில்லை. பகலில் வந்து ஏரியில் படகு விட்டு, கவிதை எழுதி, மாலையில் நகரத்துக்குத் திரும்புவார். எழுபது தாண்டியும் வந்துகொண்டிருந்தார். 1680இல், 84 வயதில் இறந்தார். அவர் பிள்ளைகள் நான்கு பேர் அடுத்தடுத்துப் பட்டத்தில் இருந்ததை உயிரோடு இருந்து பார்த்தவர்.

சனி: நிஜோ

ஒசாகா திரும்பும் வழியில் நிஜோ கோட்டை. இது 1603இல் இயெயாசு கட்டியது. அகழி, கல் மதில், இரும்பு அறைந்த கதவு எல்லாம் இருக்கிறது. உள்ளே நடந்தால் தரை பறவை மாதிரி ஒலிக்கிறது. சுவர் முழுக்கப் பொன்தகட்டின்மேல் கானோ வம்சத்து ஓவியர்கள் வரைந்த பைன் மரங்கள். உள்ளே வந்த பிரபு தலை நிமிராமல் இருக்க வரைந்தவை. 1626இல் ஷோகுன் இங்கே கோ-மிசுனோவை வரவழைத்து ஐந்து நாள் விருந்து வைத்தார். அந்தப் பொன்னறைகளைப் பார்த்துவிட்டுப் போனவர், பிற்பாடு மலைமேல் ஒரு வெறும் பலகைத் திண்ணையைக் கட்டிக்கொண்டார் என்பதை நேற்று ஷுகாகுயினைப் பார்த்துவிட்டு வந்த கண்ணோடுதான் எனக்குப் புரிந்துகொள்ள முடிந்தது.

இன்னொன்றும் இங்கே இருக்கிறது. கோட்டையின் உட்கோட்டையான ஹொன்மாரு பகுதியில் நிற்பது கோட்டைக்குச் சொந்தமான கட்டடமே இல்லை. கட்சுராவைக் கட்டிய அதே ஹச்சிஜோ குடும்பம் பிற்காலத்தில் கட்சுரா குடும்பம் என்று பேர் பெற்றது. கோஷோவுக்குப் பக்கத்தில் இருந்த அவர்களுடைய நகர வீடு இது. குடும்பத்தின் கடைசித் தலைவி சுமிகோ இளவரசி. 1881இல் அவர் இறந்ததோடு வம்சம் முடிந்தது. நிஜோ கோட்டை அரச இல்லமாக மாறியிருந்த காலத்தில், 1893இலும் 94இலும் அந்த வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள். நீண்ட காலம் மூடியிருந்ததை 2024 செப்டம்பரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். தனி டிக்கெட், முன்பதிவு வேண்டும். கூட்டம் பொன்னறைகளில்தான், இங்கே ஆட்கள் குறைவு, நிதானமாகப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. நாங்கள் போன வரிசையில் போகாதீர்கள். நிஜோவை முதலில் பாருங்கள், பொன்னும் அகழியும் கண்ணில் நிறையட்டும். அடுத்து கோஷோவும் சென்டோவும், ஒரே நாளில் முடிந்துவிடும். கட்சுராவுக்கும் ஷுகாகுயினுக்கும் ஒரு நாளுக்கு ஒன்று என்று ஒதுக்குங்கள். வழுக்காத செருப்பு அவசியம். மழை பெய்தால் கட்சுராவைத் தள்ளிப்போடாதீர்கள். ஷுகாகுயினுக்கு மட்டும் வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.